நேர் எதிரே உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்

வேலைக்கு என்னை எடுத்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "உன் ஹைட் என்ன?"

"அஞ்சடி ஒண்ணு, மேடம்."

"நின்னா இல்ல. உக்காந்தா?"

உட்கார்ந்தால் நான் எவ்வளவு உயரம் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் விழித்தேன். அவர் எழுந்து என் பின்னால் வந்து நின்று, குனிந்து, தன் கண்ணை என் கண்ணுக்குச் சமமாகக் கொண்டுவந்தார். அவருடைய மூச்சில் சோம்பு வாசனை வந்தது. அப்படியே கையை நீட்டி மேஜைமேல் இருந்த லேப்டாப்பின் மூடியை ஒரு விரல் அளவு சாய்த்தார், பிறகு அரை விரல் நிமிர்த்தினார். மேஜை இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்தார். அதிலிருந்த பாகைமானியைக் கீல் ஓரம் வைத்துப் பார்த்து, என் விண்ணப்பத்தில் ரத்தப் பிரிவு என்று இருந்த இடத்துக்குக் கீழே 108 என்று எழுதிக்கொண்டார்.

"இப்ப தெரியுதா?"

தெரிந்தது. எனக்குத் தரப்போகும் சம்பளம், வேலை நேரம், விடுமுறை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நான் முகத்தைச் சற்றுத் திருப்பி அவரைப் பார்க்கப் போனேன். சம்பளம் மஞ்சளாகிக் கரைந்துபோனது.

"ஆடாத. இது டிஎன்னுங்கற பழைய வகை ஸ்கிரீன். நேரா உக்காந்தாத்தான் முகம் காட்டும்."

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நேரில் வந்து கேட்காதவர்களுக்குத் தன்னைப் பற்றி எதுவும் தெரியக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பதினாலு வருடம் ஆனாலும் அந்தக் கண்டிப்பின்மேல் எனக்குப் பயம் இருக்கிறது.

எங்கள் அலுவலகம் தொம்மலூரில், பழைய ஊர் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு பேக்கரிக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. சந்தின் முனையில் நின்று நிமிர்ந்தால் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அந்தக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிவரவும் கொண்டுபோய் விடவும் கார் அனுப்புவதுதான் எங்கள் தொழில். யாரை எத்தனை மணிக்கு எந்த முனையில் ஏற்றுவது என்று நாங்கள் இருபத்தொரு பேர் நாள் முழுக்க அட்டவணை போட்டுக்கொண்டிருப்போம். இருபத்திரண்டாவது ஆள் அவர். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, கடிதம் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு. காட்டன் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம்.

அவருடைய லேப்டாப் அப்போதே பழையது. செங்கல் போல் கனமாகக் கருப்பாக இருக்கும். திரையில் பளபளப்பு கிடையாது, சாம்பல் பூசியது போலிருக்கும். திரைக்குள் கம்பி தடிமனில் ஒரு சின்ன டியூப்லைட் இருக்கிறது என்றும், அது சூடேறினால்தான் வெளிச்சம் சரியாகும் என்றும் அவர் சொல்வார். காலையில் போட்டதும் திரை லேசாகச் செம்மண் நிறத்தில் மங்கலாக எரியும். ஐந்து நிமிடம் அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். அந்த ஐந்து நிமிடத்தில் வந்தவர்கள் வந்ததாகக் கணக்கில் வரமாட்டார்கள். "லைட்டு இன்னும் பழுக்கல, நீ வெளிய நில்லு" என்பார். குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் ஒரு நாலு பேராவது தினமும் உண்டு.

மாதம் ஒருமுறை எல்லோரையும் கூட்டி வேலையைப் பரிசீலிக்க வேண்டும். மற்ற அலுவலகங்களில் இதற்குச் சுவரில் படம் காட்டும் கருவி வைத்திருப்பார்கள். எங்கள் அலுவலகத்திலும் ஒன்று இருந்தது, உறை பிரிக்காமல். அவர் அதை நம்பவில்லை. "செவுத்துல போட்டா யாரு பாத்தா யாரு பாக்கலன்னு எப்படித் தெரியும்?" திரைக்கு எதிரே ஒரு நாற்காலி போடுவார். ஒவ்வொருவராக வந்து உட்கார வேண்டும். அவரவர் கோப்பைப் பார்த்து மூடியை அவரவர் கோணத்துக்குச் சாய்ப்பார். ஷெரினுக்கு 104. முனிரத்னத்துக்கு 121, அவர் ஆள் உயரம். உட்கார்ந்தவர் படித்து முடித்துத் தலையாட்டியதும் எழுப்பிவிட்டு அடுத்தவரை அழைப்பார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் மதியம் ஒன்றரை ஆகும். கடைசி ஆள் எழுந்திருக்கும்போது முதல் ஆளுக்கு என்ன படித்தோம் என்பதே மறந்திருக்கும். மேடத்தின் பங்குக் கோவிலான சர்ச்சுக்கே போகிற ஷெரின், "சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் சொல்லக் கூட இத்தன நேரம் நிக்கறதில்லபா" என்பாள்.

ஒருநாள் காலையில் அந்த உள் டியூப்லைட் செத்துப்போனது. திரை இருட்டாகிவிட்டது. நாங்கள் எல்லோரும் மனதுக்குள் சந்தோஷப்பட்டோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் அசரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்துத் திரைமேல் அடித்தார். வட்டமாக விழுந்த வெளிச்சத்துக்குள் எழுத்துகள் மெல்லிய நிழல் போலத் தெரிந்தன.

"படம் சாகல. வெளக்குதான் செத்துது" என்றார்.

அன்று முழுவதும் இடது கையில் டார்ச், வலது கையில் மவுஸ். எங்கள் இருபத்தொரு பேரின் லீவுக் கணக்கையும் போட்டார், ஒரு நேரத்தில் நாலு வார்த்தை தெரிகிற அந்த வெளிச்ச வட்டத்தில். சாயங்காலம் எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனபோது சுமக்க நானும் போனேன். பழுது பார்ப்பவர் நல்ல மனிதர். "மேடம், புது பேனல் போட்டுடறேன். எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் தெளிவா தெரியும்" என்று ஆசையாகச் சொன்னார்.

"எந்தப் பக்கம் நின்னாலுமா?"

"எந்தப் பக்கம் நின்னாலும்."

"அப்ப பேக்காகில்ல" என்று, வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, அந்தக் கடையின் மூலையில் குவிந்திருந்த செத்த லேப்டாப்களில் தன்னுடையதைப் போலவே ஒன்றைத் தேட ஆரம்பித்தார். கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பழுது பார்ப்பவர் எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், அனுதாபமாக.

இந்தத் தொல்லையைப் பார்த்து முதலாளியே ஒரு புது லேப்டாப்போடு வந்தார். முதலாளி கன்னடக்காரர், தமிழும் கலந்து பேசுவார், யாரையும் நேரடியாகத் திட்டத் தெரியாதவர். பெட்டியை மேஜைமேல் வைத்து, "இது ஐபிஎஸ்" என்றார் பெருமையாக. முனிரத்னம் நாற்காலியிலிருந்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தார். போலீஸ் அதிகாரி யாரோ வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். ஐபிஎஸ் என்பது ஒரு வகைத் திரை என்று முதலாளி விளக்கியும் அவர் கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருந்தார்.

புதுத் திரை அழகாகத்தான் இருந்தது. வாசலில் நின்றால் தெரிந்தது. தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றால் தெரிந்தது. எட்டிப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரிந்தது. மேடம் ஒரு நாள் பயன்படுத்தினார். மறுநாள் அதைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, முதலாளியின் அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

"ஏன் மா? நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு சார். ஆனா யாரப் பாத்தாலும் சிரிக்குது."

திரைக்கு மட்டும்தான் இந்தப் பிடிவாதம் என்று நினைத்திருந்தோம். ஷெரின்தான் மற்றதைச் சொன்னாள். கோவிலில் அவர் நடுப்பாதை ஓரத்து இருக்கையில் மட்டுமே உட்காருவாராம். அங்கே இடம் இல்லையென்றால் பக்கத்துப் பெஞ்சில் நுழைய மாட்டார். வெளியே போய் வெயிலில் நின்று, அடுத்த பூசைக்கு முதல் ஆளாக உள்ளே வருவாராம். "சாமிய ஓரமா நின்னு பாத்தா அது எட்டிப் பாக்கற மாதிரி இருக்காதா?" என்று ஷெரினையே கேட்டிருக்கிறார்.

இதை நான் சிரித்துக்கொண்டே நம்பாமல் இருந்தேன், கீழே பேக்கரிக்காரரின் அப்பா இறந்த நாள் வரை. சந்து குறுகல். குளிர்ப்பெட்டியைச் சுவர் ஓரமாக நீளவாக்கில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் பக்கவாட்டில் நகர்ந்து, ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் மேடம் மாலையோடு வந்து நின்றார். நகரவில்லை. பின்னால் வரிசை தேங்கியது.

"கொஞ்சம் திருப்பி வைங்க" என்றார்.

பேக்கரிக்காரருக்குப் புரியவில்லை. "இன்னாத்த மேடம்?"

"அப்பாவ. கொஞ்சம் இந்தப் பக்கமா."

துக்க வீட்டில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து பெட்டியைத் திருப்பினார்கள். அது சந்தைக் குறுக்கே அடைத்துக்கொண்டது. மின்கம்பி இழுபட்டுப் பிளக் கழன்று பெட்டியின் மோட்டார் நின்றது. ஒரு பக்கம் ஆட்டோ ஹாரன் அடித்தது. மறுபக்கம் தண்ணீர் கேன் வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் எதையும் கவனிக்காமல் கால்மாட்டில் போய் நின்று, பெரியவரின் முகத்தை ஒரு நிமிடம் நேராகப் பார்த்தார். மாலையை வைத்தார், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார், மாடிப்படி ஏறிவிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் ஒரு வாரம் கழித்து, பன் வாங்கப் போனபோது பேக்கரிக்காரர் சொன்னார். "அன்னிக்கி வந்தவங்க எல்லாரும் எங்கப்பா காதத்தான்மா பாத்தாங்க. மூஞ்சியப் பாத்தது உங்க மேடம் ஒருத்தருதான்."

இனி அந்தப் பட்டியலின் கதை.

எங்களிடம் அதிக கார் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி ஒன்று வேறு ஆட்களிடம் போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை முதலாளி மேடத்தைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். கதவுக்கு அருகில் ஃபேனுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த முனிரத்னத்தின் காதில் ஒரே ஒரு வார்த்தை விழுந்தது. "எண்டு." கன்னடத்தில் எட்டு.

ஆள் குறைப்பு என்று புரிந்தது. இருபத்தொரு பேரில் எட்டு. யார் அந்த எட்டு என்பது மேடத்தின் லேப்டாப்பில் ஏறிவிட்டது என்பதும் எங்களுக்குத் தெரியும், ஏனென்றால் அறையிலிருந்து வந்ததும் வருகைப் பதிவேட்டை எதிரே வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தார். பதிவேட்டின் வரிசை எங்களுக்கு மனப்பாடம். பெயரைப் படிக்கவேண்டிய அவசியமில்லை, எத்தனையாவது வரி என்ன நிறம் என்று பார்த்தால் போதும்.

ஆனால் எப்படிப் பார்ப்பது? அவருடைய மேஜை கூடத்தின் மூலையில், நாற்காலி சுவரை ஒட்டி. வழக்கமாக யாராவது மூன்றடி தூரத்துக்குள் வந்தால் இரண்டு விரலால் மூடியைத் தாழ்த்திவிடுவார். அந்த வாரம் அவர் தாழ்த்தவில்லை. அதுதான் எங்களுக்கு ஆசை காட்டியது.

முதலில் போனவர் முனிரத்னம். கார்களை அனுப்பும் பொறுப்பு அவருடையது, ஆறடி ஆள். மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையோரமாக இருக்கும் இணையக் கம்பியைச் சரி செய்வதாகச் சொல்லி முழங்காலில் தவழ்ந்து போனார். கீழேயிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே பின்னோக்கித் தவழ்ந்து வந்தார். படிக்கட்டில் எங்களைக் கூட்டினார்.

"எட்டுப் பேரு பளிச்சுனு வெள்ளையா கீறாங்க. மீதி பதிமூணும் கருப்பு. அமாவாசக் கருப்பு."

"எட்டுதான போறவங்க?" என்றேன்.

"அதெப்படி? வெள்ளைனா வெளியவா? எட்டுப் பேர வெச்சிக்கறாங்க. மிச்ச பேருக்கு டாட்டா." அவர் முழங்கால் தூசியைத் தட்டினார். "நான் வெள்ளைல கீறேன். நீயும் வெள்ளைதான்மா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேடத்தின் தலைக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றுவதாகச் சொல்லி நான் ஸ்டூலில் ஏறினேன். மேலேயிருந்து பார்த்தால் திரை முழுவதும் வெளுத்துப்போய், எல்லா வரிகளும் சலவைக்குப் போட்ட துணி போல ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. கருப்பே இல்லை. நான் இறங்கி வந்து யாரும் போகப்போவதில்லை என்று அறிவித்தேன். ஷெரின் இடது பக்கத்து கேனில் தண்ணீர் குடிக்கும் சாக்கில் போனாள். ஆறு தம்ளர் குடித்தாள். பக்கவாட்டில் பார்த்ததில் எல்லா வரியும் மஞ்சளாக இருந்ததாம், கல்யாணப் பத்திரிகை மாதிரி.

அன்று மாலைக்குள் அலுவலகம் மூன்று கட்சியானது. மேலே பார்த்த கட்சி, பக்கத்தில் பார்த்த கட்சி, கீழே பார்த்த கட்சி. மூன்றாவது கட்சியிடம்தான் மிக மோசமான செய்தி இருந்தது. அதனால் எல்லோரும் அதை நம்பினார்கள்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. வெள்ளை எட்டுப் பேருக்கும் குற்ற உணர்வு தாங்கவில்லை. நான் தினமும் ஷெரினுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். முனிரத்னம் கருப்புப் பதிமூன்று பேரின் பைகளை மாடிப்படியில் தானே தூக்கி வந்தார். யாரைப் பார்த்தாலும் தோளில் கை வைத்தார். கருப்பர்கள் பயந்துபோய் வேலை தேடினார்கள். மதிய இடைவேளையில் நேர்முகத் தேர்வுக்கு ஓடினார்கள். பார்க்காத சொந்தக்காரரையெல்லாம் போய்ப் பார்த்தார்கள். ஒருவர் முதலாளியிடம் நேராகப் போய் அவருடைய மைத்துனர் ஒரு சோம்பேறி என்று சொல்லிவிட்டு வந்தார், போகிற ஆளுக்கு என்ன பயம் என்று. முதலாளி, "எனக்கும் தெரியும் பா" என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு மாதத்தில் அந்தப் பதிமூன்று பேரில் ஒன்பது பேர் வேறு வேலை கிடைத்து எழுதிக் கொடுத்தார்கள். வேண்டியது எட்டு. ஒன்று அதிகமாகிவிட்டது. முதலாளி அரண்டுபோய், ஒன்பதாவதாக எழுதிக் கொடுத்த ஷெரினின் வீட்டுக்கு ஒரு டப்பா மைசூர் பாக்கோடு போய், "நீ போகாதே மா, நான் யாரையும் போகச் சொல்லலையே" என்று கெஞ்சினார். ஷெரின் திரும்பி வந்தாள்.

போன எட்டுப் பேரில் ஒருவர், புகார் போன்களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர். அறுபதை நெருங்கியவர். எவ்வளவு கோபமாகக் கத்துகிறவரிடமும், "சாப்டாச்சா சார்?" என்று கேட்டு அடக்கிவிடுவார். வைட்ஃபீல்டு பக்கம் ஒரு புதுக் கம்பெனியில் சேர்ந்தார். நாலு மாதத்தில் அது மூடிவிட்டது. ஒருநாள் அவர் எங்கள் படியேறி வந்து, தன் பழைய நாற்காலியில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்து, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு முனிரத்னம் அந்த டீத் தம்ளரைத் தானே கழுவி வைத்தார்.

எல்லோரும் எழுதிக் கொடுத்த அந்த மாதக் கடைசியிலேயே மேடம் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். திரையைச் சாய்த்தார்.

"நேரா பாரு."

பார்த்தேன். பதிமூன்று வரிகள் வெள்ளை. எட்டு வரிகளுக்குப் பின்னால் கருநீலம் பூசியிருந்தது. கருநீலத்தில் மூன்றாவது நான். ஐந்தாவது முனிரத்னம்.

"இந்த எட்டுதான் போக வேண்டியது. இப்ப தேவையில்லனு சார் சொல்லிட்டாரு." ஒரு விசையைத் தட்டினார். நீலம் மறைந்தது. "கலர எடுத்துட்டேன். போ."

நான் எழுந்திருக்கவில்லை. "மேடம், கீழருந்து பாத்தவங்களுக்கு இது..."

"கீழருந்து பாத்தா தலைகீழாத்தான் தெரியும். வெள்ளை கருப்பாகும், கருப்பு வெள்ளையாகும். டிஎன்னுனா அப்படித்தான்."

அவர் முகத்தில் எதுவும் இல்லை. தெரிந்தே திறந்து வைத்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருடம் அவர் வேலையை விட்டார். லேப்டாப் அவருடைய சொந்தப் பொருள், கூடவே போனது. பிரிவுபசாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சென்ற வருடம் ஒரு சாயங்காலம் அல்சூர் மெட்ரோ நிலையத்தில் அவரைப் பார்த்தேன். முடி முழுவதும் வெள்ளை. அதே கைக்கடிகாரம், கை மெலிந்து தளர்ந்து தொங்கியது. என்னை அடையாளம் கண்டுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, பன்னிரண்டு வருடம் வயிற்றில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"மேடம், அந்த லிஸ்டு... வேணும்னேதான மூடாம வெச்சீங்க?"

"எந்த லிஸ்டு?" கொஞ்சம் யோசித்தார். "அதா? அந்த வாரம் கீலு லூசாயிடுச்சுமா. தாழ்த்தினா பொத்துனு விழும், மறுபடி நிக்காது. எதுக்கு வம்புனு தொடாம விட்டேன்."

எட்டுப் பேர் வேலையை விட்டது ஒரு தளர்ந்த திருகாணியால். நான் சிரிக்கலாமா என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது, நீங்கள்லாம் மாத்திப் புரிஞ்சுக்கிட்டது. சார் எட்டுனு நம்பர் மட்டுந்தான் குடுத்தாரு. பேரெல்லாம் நான் போட்டது."

"என் பேரையுமா?"

"உன் பேரத்தான் மொதல்ல யோசிச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பிடிக்காதவர்கள் அங்கே நிறைய. நான் அவருக்காக எஸ்.பி. ரோடு வரை அந்தச் செங்கல் லேப்டாப்பைச் சுமந்தவள். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பா? வெளிய போனா யாரு பொழச்சிக்குவாங்கன்னு பாத்துப் பாத்து எட்டுப் பேரப் பொறுக்கினேன். உனக்கு இருபத்தாறு வயசு. நாலு பாஷ பேசற, நல்லா எழுதற. அங்கயே கெடந்தா கார் நம்பர் எழுதியே கெழவியாயிடுவனு தோணுச்சு. பெரியவரு மாதிரி ஆளுங்க உள்ள இருக்கட்டும்னு வெள்ளையா விட்டேன். எல்லாம் மாறிப் போச்சு." கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவரத்தான் நான் அப்புறம் சேந்த ஸ்கூலுக்கு இழுத்துக்கிட்டேன். ஆபீஸ்ல போன் எடுத்தாரு. ரிடையர் ஆகற வரைக்கும் இருந்தாரு."

இது எங்கள் யாருக்கும் தெரியாது. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் போய்க் கேட்கவும் இல்லை.

"அது போகட்டும். நீ இப்ப எங்க இருக்க?"

"அங்கதான், மேடம்."

"அங்கதான்னா?"

"அதே ஆபீஸ்லதான். உங்க சீட்ல."

ரயில் வந்தது. கதவுகள் திறந்து மூடின. அவர் ஏறவில்லை. என்னை இப்படிப் பார்த்து முன்பு யாரும் இரக்கப்பட்டதில்லை. பக்கத்தில் இருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.

"பன்னெண்டு வருஷமாவா?"

"ஆமா மேடம்."

"அய்யோ" என்றார். அடுத்த ரயில் வந்ததும் எழுந்து ஏறிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். என் வாழ்க்கையை எனக்குத் தெரியாமல் முடிவு செய்ய அவர் யார் என்று. மூன்றாம் நாள்தான், அவருடைய முடிவு நடக்கவில்லை என்பதும், நடக்காமல் போனதைப் பற்றி இத்தனை வருடமும் நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதும் உறைத்தது. வேலை போகவில்லை, தப்பித்துவிட்டேன் என்று. எதிலிருந்து?

வேறு வேலை தேட ஐந்து மாதம் ஆனது. கிடைத்தது. விலகல் படிவத்தில் காரணம் எழுத ஒரு வரி இருந்தது. அந்தப் படிவத்தைத் தயாரித்தவளே நான்தான், ஆனாலும் அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கடைசியில், 'என்னைப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பே வேலையிலிருந்து எடுத்திருக்க வேண்டும்' என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதலாளிக்கு இப்போது கண்ணாடி தடித்துவிட்டது. இரண்டு முறை படித்தார்.

"ஏன் மா இது? நான் உன்னை வேலைலேருந்து எடுக்கவே இல்லையே?"

"ஆமா சார். அதான் காரணம்."

அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு மிகவும் வருத்தமான குரலில், "சாரி மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.